சீட்டும் காட்சியும்

"பாரிஸ் மாநகருக்குப் போகின்றோம். அங்கே அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு விற்கின்றார்களாமே, அதை வாங்கலாமா?" என்னும் வினாவைக் கடந்த சில ஆண்டுகளில் பலரும் என்னிடம் கேட்டுவிட்டனர். காரைக்கால் எங்கள் அன்னையாரின் ஊர். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்த ஊர் அது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியபொழுது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் அங்கே பல உண்டு. அவர்தம் மக்களும் பேரரும் இன்று பிரான்சு நாட்டில் வாழ்கின்றனர். ஆகவே எங்கள் பக்கத்தில் பாரிஸ் பயணம் என்பது பலருக்கும் உறவினரைக் காணச் செல்லும் பயணமே. உறவினரைக் கண்ட பின்னர் ஊரையும் காண விரும்புவது இயல்பு. அப்போது இந்தச் சீட்டைப் பற்றிய வினா எழுகின்றது.

நம் பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதை மாணவர் அறிவர். பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிரே வரும் வறியவனுக்குத் தான் சென்ற வழியையும் அங்கே கண்டவற்றையும் கூறி ஆற்றுப்படுத்துவது அதன் இலக்கணம். நான் பரிசில் பெற்று மீண்டவன் அல்லன். சிறிது பணத்தையும், பணத்தினும் பெரிதான ஒன்றையும் இழந்து மீண்டவன். ஆயினும் இழந்தவன் கூறும் வழியும் பிறருக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால், கேட்டவர் அனைவருக்கும் ஒரே விடையாக இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சீட்டின் இயல்பு

பாரிஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் ஒரே கட்டணத்தில் நுழைய வகை செய்வது 'பாரிஸ் மியூசியம் பாஸ்' என்னும் பொதுச்சீட்டு. இரண்டு நாள், நான்கு நாள், ஆறு நாள் என அது மூவகைப்படும். நாள் என்று சொன்னாலும் கணக்கு மணியில்தான். முதல் வாயிலில் சீட்டைக் காட்டிய நொடியிலிருந்து 48 மணி, 96 மணி அல்லது 144 மணி நேரம் அது உயிரோடு இருக்கும். இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் கடிகாரம் ஓய்வெடுப்பதில்லை. ஓர் அருங்காட்சியகத்திற்கு ஒருமுறைதான் நுழைவு. வெளியே வந்துவிட்டால் மீண்டும் உள்ளே செல்ல அச்சீட்டு உதவாது.

நான் சென்ற 2024ஆம் ஆண்டில் அம்மூன்றின் விலை முறையே 62, 77, 92 யூரோ. அன்று ஒரு யூரோ ஏறத்தாழ 90 ரூபாய். எனவே நான்கு நாள் சீட்டு நம் பணத்தில் ஏறத்தாழ 7,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று. அதன்பின் விலைகள் உயர்ந்துள்ளன. லூவர் அருங்காட்சியகத்தின் தனிக் கட்டணம் 2024இல் 22 யூரோவாக இருந்தது. 2026 ஜனவரி முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோர்க்கு அது 32 யூரோ ஆகிவிட்டது. ஆதலால் செல்வோர் அன்றைய விலையை அறிந்துகொண்டே கணக்கிட வேண்டும். விலை மாறினாலும் கணக்கிடும் முறை மாறாது.

பலர் எண்ணுவது போல் இச்சீட்டு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுவதில்லை. ஈஃபெல் கோபுரம் இதில் அடங்காது. லூவர், சேன்த் ஷாப்பெல் போன்ற இடங்களுக்குச் சீட்டு கையில் இருந்தாலும், வருகின்ற நாளையும் நேரத்தையும் முன்னரே பதிவு செய்துகொள்ள வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்குரிய வரிசையில் அனைவரும் நின்றே ஆக வேண்டும். மேலும், லூவரும் ஒராஞ்செரியும் செவ்வாய்க்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். ஓர்சேக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இவற்றைப் பாராமல் திங்களன்று சீட்டைத் தொடங்குபவர், தம் சீட்டில் ஒரு பகுதியை மூடிய கதவுகளுக்குக் காணிக்கை ஆக்கிவிடுவார்.

கூட்டலும் கழித்தலும்

இனி கணக்கைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டின் விலைப்படி லூவருக்கு 22, ஓர்சேக்கு முன்பதிவுக் கட்டணம் 16, சேன்த் ஷாப்பெலுக்கு 13, ஒராஞ்செரிக்கு முன்பதிவுக் கட்டணம் 12.50. இந்நான்கையும் கூட்டினால் 63.50 யூரோ வரும். நான்கு நாள் சீட்டின் விலையோ 77. அஃதாவது, நாளொன்றுக்கு ஒரு பேரருங்காட்சியகம் என்னும் நிதானமான நடையில் செல்பவருக்கு 13.50 யூரோ இழப்பு. ஐந்தாவதாக அதே அளவு கட்டணமுள்ள இன்னோர் இடத்தையும் பார்த்தால்தான் செலவும் வரவும் சமன்படும். ஆறாவது இடத்திலிருந்துதான் ஆதாயம் தொடங்கும்.

இத்துடன் இன்னொரு கணக்கும் உண்டு. பதினெட்டு வயதிற்கு உட்பட்டோர் எந்த நாட்டவராயினும் லூவர், ஓர்சே முதலிய தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணமின்றி நுழையலாம். ஆகவே பிள்ளைகளுக்கு இச்சீட்டை வாங்குதல் வீண். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்ட இளைஞருக்கும் அவை இலவசமே. ஓர்சே, ஒராஞ்செரி போன்றவற்றில் மாதத்தின் முதல் ஞாயிறன்று யாருக்கும் கட்டணம் இல்லை. பாரிஸ் நகராட்சிக்குரிய பெத்தி பாலே, கர்னவாலே ஆகிய அருங்காட்சியகங்களின் நிலையான காட்சிகளை ஆண்டு முழுவதும் கட்டணமின்றிக் காணலாம். பெருங்கோயிலான நோத்ரதாமிற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. 2019இல் தீக்கிரையாகி 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அது, நாங்கள் சென்றபோது மூடிக் கிடந்தது.

இவையெல்லாம் தாளில் போடும் கணக்குகள். இவற்றைப் போடுவதில் நான் பிழை செய்யவில்லை. நான் பிழை செய்தது வேறோர் இடத்தில்.

அன்னையாருடன் சென்ற நாள்கள்

என் தாய்மாமா 1970களில் பிரான்சுக்குச் சென்று, தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, பாரிசின் வடபுறநகரில் வாழ்ந்து வருபவர். என் அன்னையார் அவருக்கு மூத்தவர். பதினோராண்டுகளாக உடன்பிறந்தார் இருவரும் நேரில் கண்டதில்லை. "லாத்தாவை ஒருமுறை கூட்டிட்டு வா தம்பி, ரெண்டு பேருக்கும் வயசாகுது" என்று மாமா தொலைபேசியில் கூறிய சொல் என்னை உறுத்தியது. 2024 மே மாதக் கோடை விடுமுறையில் அன்னையாரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அப்போது அவருக்கு வயது 73. முழங்கால் வலி உண்டு. மெல்ல நடப்பார். ஆனால் நடப்பார்.

ஊரிலிருந்தே கணினி வழியாக நான்கு நாள் சீட்டு இரண்டு வாங்கிவிட்டேன். விலை 154 யூரோ, ஏறத்தாழ 14,000 ரூபாய். பணம் கட்டிய அன்றிரவே குறிப்பேட்டில் நிரல் ஒன்று எழுதினேன். நான்கு நாள்களில் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் வருகை நேரம், புறப்படும் நேரம். தமிழ்த்துறையின் கல்விச் சுற்றுலாக்களுக்கு ஆண்டுதோறும் நிரல் எழுதிப் பழகிய கை அல்லவா! பேருந்தில் ஐம்பது மாணவரை ஏற்றி, இரண்டு நாளில் பதினோர் இடங்களைக் காட்டித் திரும்பிய பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையே அந்நிரலையும் எழுதியது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சேன்த் ஷாப்பெலில் சீட்டைத் தொடங்கினோம். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி கட்டுவித்து, 1248இல் திருநிலைப்படுத்தப்பட்ட சிற்றாலயம் அது. மேல்தளத்தில் சுவரே இல்லையோ என மயங்கும் அளவுக்கு நாற்புறமும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். மேலே செல்லக் குறுகிய சுழற்படிகள். அன்னையார் ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி ஏறினார். ஏறி முடித்துச் சுவரோரம் அமர்ந்தவர், கதிரொளி கண்ணாடியில் ஊடுருவித் தரையில் நிறங்களைச் சிந்துவதைப் பார்த்தவாறே இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிற்பகலில் ஓர்சே. 1900இல் தொடர்வண்டி நிலையமாகத் திறக்கப்பட்டு, 1986இல் அருங்காட்சியகமான மாளிகை. அங்கே அன்னையார் பெரிய கடிகாரத்தின் கீழே இருந்த இருக்கை ஒன்றில் அமர்ந்துவிட்டார். நான் மட்டும் தளந்தளமாக ஏறி இறங்கினேன். எதைக் கண்டேன் என்று இன்று கேட்டால் ஓரிரு ஓவியங்களைத் தவிர வேறு நினைவில்லை. ஆனால் அன்று இரவு குறிப்பேட்டில் எழுதியது நன்றாக நினைவிருக்கின்றது. "ஆளுக்கு 29 யூரோ ஈடாயிற்று; இன்னும் 48 உள்ளது."

விளக்கின் முன்

வியாழக்கிழமை லூவர். மாமாவின் பேத்தியும் எங்களுடன் வந்தாள். பல்கலைக்கழக மாணவி. அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வயது 26க்குள் ஆனதால் அவளுக்குக் கட்டணம் இல்லை. "எத்தனை முறை வந்திருக்கிறாய்?" என்று கேட்டேன். "நெறைய தடவை மாமா. ஒவ்வொரு தடவையும் ஒரு ரூம்தான் பாப்பேன். அப்புறம் போயிடுவேன்" என்றாள். அப்போது அதை இளமையின் சோம்பல் என்று எண்ணினேன்.

லூவர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையாக எழுந்து, அரண்மனையாக வளர்ந்து, பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 ஆகஸ்ட் 10இல் மக்களுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முற்றத்தில் உள்ள கண்ணாடிக் கூர்ங்கோபுரம் 1989இல் அமைந்தது. அதை வடிவமைத்த ஐ.எம். பெய் என்பவரே பின்னர்க் கத்தார் நாட்டின் தோகா நகரில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தையும் வடிவமைத்தார். உள்ளே நுழைந்ததும் நான் அன்னையாரை மோனாலிசா ஓவியத்தை நோக்கி விரைவுபடுத்தினேன். அங்கே தலைகளின் கடலுக்கு அப்பால் ஒரு சிறு சட்டம் தெரிந்தது. குறிப்பேட்டில் ஒரு கோடு கிழித்தேன்.

பிற்பகலில் இஸ்லாமியக் கலைப் பிரிவுக்கு வந்தோம். 2012இல் விஸ்கோந்தி முற்றத்தில், அலையாடும் பொன்னிறக் கூரையின் கீழ் திறக்கப்பட்ட பிரிவு அது. அங்கே 'புனித லூயியின் ஞானத்தாழி' என்னும் பெரும் பித்தளைத் தாழியைக் கண்டோம். வெள்ளியும் பொன்னும் பதித்து, முகம்மது இப்னு அல்ஸைன் என்னும் கைவினைஞர் செய்தது. தம் பெயரை அவர் அதில் ஆறிடங்களில் பொறித்துள்ளார். பெயர்தான் புனித லூயியுடையது. சேன்த் ஷாப்பெலைக் கட்டிய அந்த மன்னர் 1270இல் இறந்தார். தாழியோ மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில், ஏறத்தாழ 1320க்கும் 1340க்கும் இடையில் உருவானது. பின்னாளில் பிரெஞ்சு அரச குழந்தைகளுக்குத் திருமுழுக்கு ஆற்ற அதையே பயன்படுத்தினர். முஸ்லிம் கைவினைஞர் ஒருவரின் கைத்திறன் கிறித்தவ அரச குடும்பத்தின் மிகத் தூய சடங்கில் இடம் பெற்ற செய்தி, சமயங்களைப் பற்றிப் பேசும் நம் மேடைகளில் எடுத்துரைக்கத் தக்கது.

அத்தாழியைக் கடந்து சென்ற அன்னையார் கண்ணாடிப் பேழை ஒன்றின் முன்னே நின்றுவிட்டார். உள்ளே மம்லூக் காலத்துப் பள்ளிவாசல் விளக்கு. கண்ணாடியால் ஆன குடுவை வடிவம். மேலே நீலமும் பொன்னும் கலந்த எழுத்து வேலைப்பாடு. அவர் முகத்தைப் பேழையருகே கொண்டு சென்று விரலால் காற்றில் எதையோ தொடர்ந்துகொண்டிருந்தார்.

மணி இரண்டே கால். ஒராஞ்செரியில் மூன்று மணிக்கு முன்பதிவு.

"உம்மா, நேரமாச்சு. வாங்க போவோம்."

"இருப்பா."

"மூணு மணிக்கு அங்க நிக்கணும். இல்லன்னா உள்ள விட மாட்டாங்க. காசு கட்டியாச்சுல்ல?"

அன்னையார் திரும்பி என்னைப் பார்த்தார். கடிந்து பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. "குடுத்த காசு குடுத்ததுதான் வாப்பா. அதையே நெனச்சிக்கிட்டு நடந்தா, எதைப் பாக்குறது? நீ போய்ட்டு வா. நான் புள்ளையோட இங்கன இருக்கேன்" என்றார்.

நான் சென்றேன்.

தோட்டத்தின் வழியே விரைந்து நடந்து, மூன்று மணிக்கு ஒராஞ்செரியை அடைந்தேன். இரண்டு நீள்வட்ட அறைகளில், மோனே வரைந்த அல்லிக் குளத்து ஓவியங்கள் எட்டு, சுவர் நெடுக வளைந்து கிடக்கின்றன. 1927இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட அவ்வறைகள், மனிதர் அமைதியாக அமர்ந்து தம்மை மறப்பதற்கென்றே அமைந்தவை. நான் அங்கே இருபத்தைந்து நிமிடம் இருந்தேன். என் நினைவு முழுவதும் அன்னையார் எங்கே அமர்ந்திருப்பார், தண்ணீர் குடித்திருப்பாரா என்பதிலேயே இருந்தது. 12.50 யூரோ ஈடாயிற்று.

திரும்பி வந்தபோது லூவருக்குள் மீண்டும் நுழைய என் சீட்டு இடந்தரவில்லை. வெளி முற்றத்தில் காத்திருந்தேன். ஐந்து மணிக்கு இருவரும் கைகோத்து வந்தனர். நடந்ததைப் பேத்தி சொன்னாள்.

இத்தகைய விளக்குகள் பலவற்றின் கழுத்தில், திருக்குர்ஆனின் நூர் அத்தியாயத்து 35ஆம் வசனத்தை எழுதுவது அக்கால வழக்கம். இறைவனின் ஒளியை விளக்கொன்றின் உவமையால் கூறும் வசனம் அது. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என் அன்னையார், தெருவின் மதரஸாவில் ஓதக் கற்றவர். அவ்வசனம் அவருக்கு மனப்பாடம். பின்னிக் கிடந்த எழுத்துகளுள் முதற்சொல்லை அடையாளம் கண்டதும், சொல் சொல்லாகத் தேடி எடுத்து மெல்லிய குரலில் ஓதத் தொடங்கியிருக்கின்றார். ஓரிடத்தில் எழுத்து விளங்காமல் தடுமாறியபோது, அருகே நின்ற அரபு நாட்டவர் போன்ற முதியவர் ஒருவர் அச்சொல்லை எடுத்துக் கொடுத்தாராம். இருவருக்கும் பொதுமொழி ஒன்றும் இல்லை. அவ்வசனத்தை மட்டும் இருவருமாக ஓதி முடித்துவிட்டு, ஸலாம் கூறிப் பிரிந்திருக்கின்றனர். அதன்பின் அன்னையார், அரபு எழுத்தறியாத பேத்திக்கு 'அலிஃப்' எது, 'லாம்' எது, 'நூர்' என்னும் சொல் எங்கே இருக்கின்றது என்று அந்த விளக்கிலேயே காட்டிக் கொடுத்தாராம்.

இரண்டு நாள்களாக அன்னையார் அந்நகரில் ஒரு பெயர்ப்பலகையையும் படிக்க இயலாமல், பிறர் கைபிடித்து நடந்தவர். அந்த ஓரிடத்தில்தான் அவர் படிப்பவராகவும் கற்பிப்பவராகவும் நின்றார். எழுத்தறிவித்தலையே தொழிலாகக் கொண்ட நான் அதைக் காண அங்கே இல்லை.

அன்றிரவு, "அந்த ஆயத்தை எனக்கும் ஒருமுறை ஓதிக் காட்டுங்க உம்மா" என்று கேட்டேன். ஓதினார். ஓதிவிட்டுச் சிரித்தார். "ஓதுறது எங்கயும் ஓதலாம். அந்த வெளக்குதான் இங்க இல்ல" என்றார்.

எது விரயம்?

வீண்விரயம் நம் மார்க்கத்தில் கண்டிக்கப்பட்ட ஒன்று. குழாயில் ஒழுகும் தண்ணீரையும் தட்டில் மிஞ்சும் சோற்றையும் அச்சத்தோடு பார்க்கப் பழக்கியவர் என் அன்னையார். விலை கொடுத்து வாங்கிய சீட்டில் ஓர் அருங்காட்சியகம் பாராமல் போனாலும் அது விரயமே என்றுதான் நான் எண்ணியிருந்தேன். என் விரைவுக்கு மார்க்கத்தையே துணைக்கு அழைத்திருந்தேன் என்றும் சொல்லலாம்.

அன்னையாரின் ஒரு சொல் அவ்வெண்ணத்தின் பிழையைக் காட்டிற்று. கொடுத்த பணம் கொடுத்த அன்றே போய்விட்டது. பன்னிரண்டு இடங்களைப் பார்த்தாலும் அது திரும்பாது. இரண்டைப் பார்த்தாலும் திரும்பாது. இன்னும் நம் கையில் இருப்பவை நேரமும் கால்வலிமையும் கண்ணின் கவனமும் மட்டுமே. போன பணத்தைத் துரத்திக்கொண்டு இவற்றையும் இழப்பதே உண்மையான விரயம். நான் 14,000 ரூபாயைக் காக்க முயன்று, என் அன்னையார் எழுநூறு ஆண்டுப் பழைமை வாய்ந்த விளக்கொன்றைப் படித்த காட்சியை இழந்தேன். அக்காட்சிக்கு இனி எந்த விலைக்கும் சீட்டு இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சீட்டை மாமா வீட்டிலேயே வைத்துவிட்டுப் பாரிஸ் பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றோம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களின் நினைவைப் போற்றும் வகையில் எழுப்பப்பட்டு, 1926 சூலையில் திறக்கப்பட்ட பள்ளி அது. ஜும்ஆ தொழுகைக்குப் பின் அங்கேயே நெடுநேரம் இருந்தோம். அருகேதான் அரபு உலகக் கழகம். ஒளிக்கேற்பத் திறந்து மூடும் வண்ணம் அமைக்கப்பட்ட 240 சாளரங்களைக் கொண்ட அதன் முகப்பை வெளியே நின்று கண்டோம். அதன் அருங்காட்சியகம் எங்கள் சீட்டில் அடங்கும். ஆயினும் அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. சனிக்கிழமை முழுவதும் அக்காவும் தம்பியும் சமையற்கட்டு மேசையில் அமர்ந்து, காரைக்கால் தெருக்களையும் மறைந்துபோன மனிதர்களையும் பேசிக்கொண்டிருந்தனர். அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சீட்டுகள் இரண்டும் காலாவதியாயின.

இறுதிக் கணக்கு இது. அன்னையாரின் சீட்டில் 51 யூரோ ஈடாயிற்று, 26 இழப்பு. என் சீட்டில் 63.50 ஈடாயிற்று, 13.50 இழப்பு. இருவருக்குமாக 39.50 யூரோ, ஏறத்தாழ 3,500 ரூபாய். தனித்தனியே சீட்டு எடுத்திருந்தால் அப்பணம் மிஞ்சியிருக்கும். அது மட்டுமன்று. தனிச்சீட்டு எடுத்திருந்தால், ஒராஞ்செரிக்கு அன்றே ஓடியாக வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு வந்திராது.

கேட்டவர்க்கு விடை

அங்ஙனமாயின் அச்சீட்டை வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்வது நேர்மையாகாது. கால் வலிமை மிக்க இளைஞர், கலையிலும் வரலாற்றிலும் தணியாத வேட்கை உடையவர், மறுமுறை வரும் வாய்ப்பு இல்லாதவர் ஆகியோர், நான்கு நாளில் ஆறு ஏழு இடங்களைத் தளராமல் பார்ப்பராயின் அவர்க்கு அது ஆதாயமே. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. தனிச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர், கொடுத்ததற்காகவே ஓர் இடத்தில் நாள் முழுதும் நிற்பார். பொதுச்சீட்டு உடையவரோ சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் அரைமணி நேரம் நுழைந்து, விரும்பிய ஒன்றை மட்டும் கண்டு, மனக்குறை இன்றி வெளிவரலாம். சீட்டை அவ்வாறு ஆளத் தெரிந்தவர்க்கு அது விடுதலை. அதனால் ஆளப்படுபவர்க்கு அதுவே விலங்கு.

ஆகவே என்னிடம் கேட்பவர்க்கு நான் கூறுவது இதுதான். சீட்டை வாங்கிவிட்டு இடங்களைத் தேடாதீர்கள். எவற்றை உண்மையாகவே காண விரும்புகின்றீர்கள் என்று முதலில் எழுதுங்கள். உங்களுள் யார் மிக மெல்ல நடப்பவரோ அவருடைய காலைக் கொண்டு நாளுக்கு எத்தனை இடம் என்று முடிவு செய்யுங்கள். விடுமுறை நாள்களையும் இலவச நாள்களையும் பாருங்கள். பிள்ளைகளைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். அதன்பின் தனிச்சீட்டுகளின் தொகையைக் கூட்டி, பொதுச்சீட்டின் விலையோடு ஒப்பிடுங்கள். குறைவானதை வாங்குங்கள். முதியோரோடு செல்பவர்க்குத் தனிச்சீட்டே பெரும்பாலும் குறைவாக இருக்கும். எதை வாங்கினாலும், வாங்கிய பின் விலையை மறந்துவிடுங்கள். இறுதியாகச் சொன்னதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

அப்பயணத்திற்குப் பின் எங்கள் கல்விச் சுற்றுலா நிரலிலும் ஒரு மாற்றம் செய்தேன். 1851இல் நிறுவப்பட்ட சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் சென்றபோது, எல்லாக் கட்டடங்களையும் காட்டி முடிக்கும் பழைய வழக்கத்தை விட்டேன். ஒரே பிரிவு, மூன்று மணி நேரம். ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, அதன் முன்னே நின்று ஒரு பக்கம் எழுத வேண்டும். தொடக்கத்தில் முணுமுணுத்தனர். ஆனால் புறப்படும் நேரம் வந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று சிலர் கேட்டனர். முன்னைய சுற்றுலாக்களில் அப்படி யாரும் கேட்டதில்லை.

அன்னையார் இப்போது வீட்டைவிட்டு வெளியே செல்வதில்லை. முழங்கால் இடந்தருவதில்லை. பாரிசிலிருந்து பேத்தி பேசும்போதெல்லாம், "அந்த வெளக்கைப் போய்ப் பாத்தியா?" என்று கேட்பார். கட்டணமின்றி நுழையும் வயது முடியுமுன் அவள் மாதம் ஒருமுறையேனும் சென்று பார்த்து வருகின்றாள். இப்போது அவளுக்கு அவ்வெழுத்துகள் பலவும் தெரியும். சென்ற முறை முதல் வரியைத் தானே படித்துவிட்டதாகச் சொன்னாள். அன்னையார் தொலைபேசியை என் காதருகே வைத்து, "கேளு" என்றார்.

இம்முறை நான் கேட்டேன். காண்பதற்குக் கண்ணையும், கண்டதில் நிற்பதற்குப் பொறுமையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!